கொத்தமல்லி முளைக்காததற்குக் கைராசி காரணமல்ல

சென்னையின் தென்பகுதியில், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடியதை நீக்கிவிட்டு அதன் சுருக்கத்தைத் தருகிறேன்.

அவருக்கு வயது 36. வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறார். கணவர், எட்டு வயது மகள், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து உடனிருக்கும் மாமியார் என நான்கு பேர். கடையில் வாங்கும் கறிவேப்பிலையிலும் கொத்தமல்லியிலும் மருந்து வாடை அடிப்பதாகப் பட்டதால், சமையலுக்கு வேண்டிய தழைகளை வீட்டிலேயே வளர்க்க முடிவு செய்தார். மேற்குப் பார்த்த பால்கனி. ஆன்லைனில் தொட்டிகள், தேங்காய் நார்க்கட்டி, மண்புழு உரம், விதைகள், ரோஸ்மேரி, தைம், பார்ஸ்லி நாற்றுகள் என்று ஏறக்குறைய ஆறாயிரம் ரூபாய் செலவு. சித்திரையில் விதைத்த கொத்தமல்லி ஒரு வாரமாகியும் முளைக்கவில்லை என்று கொட்டிவிட்டார். மறுமுறை முளைத்தது விரலளவு வளர்ந்து பூத்துவிட்டது. ரோஸ்மேரியும் தைமும் காய்ந்தன. புதினா வாடி மஞ்சளாகிவிட்டது. ஓராண்டாகியும் கறிவேப்பிலை முழங்கால் உயரம்கூட வரவில்லை.

"உனக்குக் கைராசி இல்லை" என்கிறார் மாமியார். மாதவிடாய் நாட்களில் தொட்டதால்தான் கறிவேப்பிலை வளரவில்லை என்றும் சொல்கிறார். "பத்து ரூபாய் காய் வாங்கினால் கொசுறாகக் கிடைப்பதற்கு ஆறாயிரமா?" என்பது கணவரின் கேள்வி. இதற்கிடையே கம்பியில் மாட்டிய தொட்டிகளிலிருந்து தண்ணீர் சொட்டிக் கீழ்வீட்டுத் துணிமேல் விழுந்து சண்டையாகி, தொட்டிகளை எடுக்கும்படி குடியிருப்போர் சங்கம் சொல்லிவிட்டது. மொட்டை மாடியும் பூட்டிக் கிடக்கிறது. "என் வீட்டுப் பால்கனியில் செடி வைக்க எனக்கு உரிமை இல்லையா? பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு, மண் இல்லாமல் சத்துக் கரைசலில் செடி வளர்க்கும், விளக்கு வைத்த ஹைட்ரோபோனிக்ஸ் பெட்டி வருகிறதே, அதை வாங்கிவிடட்டுமா? இல்லை, எல்லாவற்றையும் விட்டுவிடட்டுமா?" என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

விட்டுவிட வேண்டாம், பெட்டியும் வாங்க வேண்டாம். ஆனால் நீங்கள் போட்டு வைத்திருக்கும் பட்டியலைப் பாதியாகக் குறைக்க வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தோன்றியது இதுதான்: கடையை முழுக்க வீட்டுக்குள் கொண்டுவரப் பார்த்திருக்கிறீர்கள். நான்கு பேர் சாப்பிடும் வீட்டில், ஒரு பால்கனியை வைத்துக்கொண்டு அது நடக்காது. கிள்ளிப் போடும் தழைகள் வேறு, கட்டுக்கட்டாய் அரைக்கும் தழைகள் வேறு. தாளிக்க ஒரு ஈர்க்குக் கறிவேப்பிலை, டீயில் போட நாலு புதினா இலை, ரசத்தில் தூவக் கொஞ்சம் மல்லி ஆகியவை தொட்டியில் கிடைக்கும். கொத்தமல்லித் துவையலுக்கும் புதினா சாதத்துக்கும் கடைக்குத்தான் போக வேண்டியிருக்கும். இந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டால் உங்கள் கணவரின் கேள்விக்கும் பதில் சொல்லிவிடலாம்.

கைராசியும் தீட்டும்

நீங்கள் தொட்டதால் எந்தச் செடியும் வாடவில்லை. மாதவிடாய் நாட்களில் தொட்டால் செடி கருகும் என்பது நம் ஊர்ப் பெரியவர்களுக்கு மட்டுமான நம்பிக்கை என்று நினைக்காதீர்கள். 1920-இல் வியன்னாவில் பேலா ஷிக் என்ற புகழ்பெற்ற மருத்துவரே, மாதவிடாயில் இருந்த பணிப்பெண் கையில் வாங்கிய பூக்கள் சீக்கிரம் வாடியதாகச் சொல்லி, அதற்கு ஒரு நஞ்சு காரணம் என்று கட்டுரை எழுதினார். அப்படி ஒரு நஞ்சு இருப்பதாக நிரூபணம் ஆகவில்லை. கறிவேப்பிலைத் தோட்டங்களில் மாதம் முழுக்கப் பெண்கள்தான் தழை ஒடிக்கிறார்கள்; தோட்டம் தழைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

இதை அத்தையிடம் வாதமாக வைக்காதீர்கள். கடிதத்தில் ஓரிடத்தில், அவர் ஊரில் கறிவேப்பிலை கிணற்றடியில் மரமாக நின்றது என்று எழுதியிருக்கிறீர்கள். தொட்டி மாற்றும் வேலையை அவரை வைத்தே செய்யுங்கள். மூன்று மாதத்தில் புதுத் துளிர் வந்தபிறகு கைராசிப் பேச்சு அதுவாகவே குறைந்துவிடும். அப்புறம், புளித்த மோர் ஊற்றச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? அதை நான் தள்ளமாட்டேன். இயற்கை வேளாண்மையில் அரப்பு இலையும் மோரும் சேர்த்துப் புளிக்கவைத்துத் தெளிக்கும் வழக்கம் உண்டு. ஒரு பங்கு மோருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். சாப்பிட்டு மிஞ்சிய, உப்புப் போட்ட மோரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். தொட்டி மண்ணுக்கு உப்பு எமன். வெண்ணெய் எடுக்காத கெட்டி மோரும் வேண்டாம், எறும்பும் நாற்றமும்தான் மிஞ்சும்.

முதலில் வெயிலைப் பாருங்கள்

உங்களுக்கு நடந்த தவறுகளில் முக்கால்வாசி ஒரே இடத்திலிருந்து வருகின்றன. மேற்குப் பால்கனிக்கு மதியம் ஒரு மணிக்கு மேல்தான் வெயில் வரும், வந்தால் சுட்டெடுக்கும். சித்திரை, வைகாசியில் தரை ஓடும் சுவரும் குடித்த சூடு ராத்திரி வரை தொட்டியை விடாது. கறுப்பு நிறப் பையாக இருந்தால் வேர் வெந்தே போகும். அந்த இடத்தில், அந்த மாதத்தில் கொத்தமல்லியும் புதினாவும் பிழைத்திருந்தால்தான் ஆச்சரியம்.

ஆனால் சமையலறைக்குப் பின்னால் வாஷிங் மெஷின் வைத்திருக்கும் சின்ன பால்கனியில் காலை வெயில் இரண்டு மூன்று மணிநேரம் விழுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதைத் துணி காயப்போட மட்டும் வைத்திருக்கிறீர்கள்! உங்கள் வீட்டில் மென்மையான தழைக்கு ஏற்ற இடம் அதுதான். புதினா, கொத்தமல்லி இரண்டும் அங்கே போகட்டும். கறிவேப்பிலை, எலுமிச்சைப்புல், கற்பூரவல்லி மேற்குப் பக்கம் இருக்கட்டும். இந்த மூன்றும் வெயிலைத் தாங்கும்.

ரோஸ்மேரி, தைம், பார்ஸ்லி பற்றி ஒரு வார்த்தை. முதல் இரண்டும் மத்தியதரைக் கடல் பக்கத்துச் செடிகள். காய்ந்த காற்று, வடிகிற மண், குளிர்ந்த ராத்திரி கேட்பவை. நீலகிரியில், கொடைக்கானலில் நன்றாக வரும். சென்னையின் புழுக்கத்தில் அனுபவசாலிகளுக்கே அவை கண்ணாமூச்சி காட்டும். ஆரம்பிப்பவருக்கு இவற்றையெல்லாம் ஒரே பெட்டியில் போட்டு விற்பது எனக்குப் பிடிக்காத வியாபாரம். மகளுக்குப் பீட்சாமேல் தூவத்தான் அவற்றை வாங்கினேன் என்கிறீர்கள். கற்பூரவல்லி இலையை நிழலில் காயவைத்து நொறுக்கித் தூவிப் பாருங்கள். ஆரிகானோவுக்கு மிக நெருங்கிய வாசனை அதற்கு உண்டு. சில நாடுகளில் அந்தப் பெயரிலேயே சமைக்கிறார்கள். பக்கத்து வீட்டில் ஒரு கிளை ஒடித்து வந்து நட்டால் போதும், செலவு இல்லை.

கறிவேப்பிலையை எப்படி மீட்பது

உங்கள் செடி சாகவில்லை, சிறையில் இருக்கிறது. எட்டு அங்குலத் தொட்டியில், வெறும் நார்க்கழிவும் மண்புழு உரமும் மட்டுமே போட்டு வைத்திருக்கிறீர்கள். கறிவேப்பிலை மரச் சாதி. முதல் ஓராண்டு வேரைத்தான் வளர்க்கும், மேலே ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். வேருக்கு இடம் இல்லாவிட்டால் அந்த ஓராண்டு மூன்றாண்டாக நீளும்.

இப்போது ஆவணி. மழைக்கு முன் தொட்டி மாற்ற இது நல்ல நேரம். 15 அங்குலத்துக்குக் குறையாத ஆழமும் அகலமும் உள்ள தொட்டியோ பையோ எடுத்துக்கொள்ளுங்கள். செம்மண், நார்க்கழிவு, மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம், மூன்றும் சம அளவு. இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்க்கட்டியை ஊறவைத்து, இரண்டு மூன்று தடவை தண்ணீர் மாற்றிப் பிழிந்த பிறகே சேருங்கள். அதில் உப்பு இருக்கும், நீங்கள் அதை அலசவில்லை என்று நினைக்கிறேன். பழைய வேர்ப்பந்தை உடைக்காமல் சாயங்காலத்தில் மாற்றி, ஒரு வாரம் வெயில் நேரடியாகப் படாமல் வைத்துவிட்டு, அதன்பின் மேற்குப் பால்கனிக்குக் கொண்டுபோங்கள்.

செடி ஒன்றரை அடி வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். மனம் வராது, ஆனாலும் கிள்ள வேண்டும். அப்போதுதான் பக்கக் கிளைகள் வரும். பறிக்கும்போது ஈர்க்கிலிருந்து இலைகளை மட்டும் உருவாதீர்கள், ஈர்க்கோடு ஒடியுங்கள். பூவும் காயும் வந்தால் வெட்டிவிடலாம். மார்கழி, தை மாதங்களில் துளிர் குறையும். அது நோயில்லை, அப்போது தண்ணீரைக் குறைத்தால் போதும்.

இலை மஞ்சளாவதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எந்த இலை மஞ்சளாகிறது என்று பாருங்கள். அடியிலுள்ள முதிர்ந்த இலை மஞ்சளானால் சத்துக் குறைவு, அல்லது தண்ணீர் தேங்குகிறது. நுனித் துளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து எட்டவில்லை என்று அர்த்தம். உப்புக் கலந்த சப்பைத் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இது சகஜம். நாட்டுமருந்துக் கடையிலோ உரக்கடையிலோ அன்னபேதி (இரும்பு சல்பேட்) கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மூன்று கிராம், அதில் சில துளி எலுமிச்சைச்சாறு, சாயங்காலத்தில் இலைமேல் தெளியுங்கள். தெளித்த பிறகு ஒரு வாரம் பறிக்க வேண்டாம்.

இலையைக் கடித்துத் தின்னும் புழு வரும். சின்னதாக இருக்கும்போது பறவை எச்சம்போல, வளர்ந்ததும் பச்சையாக. எலுமிச்சைச் செடிக்கு வரும் அதே பட்டாம்பூச்சியின் புழுதான். கையால் எடுத்துவிட்டாலே போதும். மகள் கேட்டால் ஒன்றை மட்டும் வளர்க்க விடுங்கள், பட்டாம்பூச்சி வெளியே வருவதை அவள் பார்க்கட்டும். இளந்துளிரில் அசுவினியோ செதில் பூச்சியோ வந்தால், ஒரு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குச் சில துளி சோப்புக் கரைசல், வெயில் இறங்கியபின் தெளிக்கலாம்.

கொத்தமல்லிக்குக் காலம் உண்டு

முதல் தடவை நீங்கள் கொட்டியது உயிருள்ள விதையாகவே இருந்திருக்கலாம். கொத்தமல்லி முளைக்க எட்டிலிருந்து பதினைந்து நாள் ஆகும். ஒரு வாரத்தில் கைவிட்டால் எந்தக் கொத்தமல்லியும் தப்பாது. நாம் விதை என்று சொல்லும் அந்த உருண்டை உண்மையில் இரண்டு விதைகள் ஒட்டிய காய். சப்பாத்திக் கட்டையால் லேசாக அழுத்தி இரண்டாகப் பிளந்து, ராத்திரி முழுக்க ஊறவைத்து விதைத்தால் முளைப்பு நன்றாக இருக்கும். அழுத்தும்போது பருப்பு நசுங்கக் கூடாது. மளிகைக்கடைத் தனியாவிலும் முளைக்கும்தான், ஆனால் அது எவ்வளவு பழசு, எப்படிக் காய்ந்தது என்று தெரியாது. விதைக்கடையில் கேட்டு வாங்குங்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ வரிசை ரகங்கள் நம் சூழலுக்குப் பழகியவை. இளஞ்சிவப்பு நிறம் பூசிய விதையாக இருந்தால் அது பூஞ்சாண மருந்து கலந்தது. விதைக்கலாம், அதைச் சமையலறை டப்பாவில் மட்டும் கலந்துவிடாதீர்கள்.

இரண்டாம் தடவை பூத்ததற்குக் காரணம் சூடு. வெயில் ஏறினால் கொத்தமல்லி தழையைவிட்டுத் தண்டு நீட்டி, பூத்துக் காய்க்கத்தான் பார்க்கும். உரம் போட்டாலும் தண்ணீர் ஊற்றினாலும் அதை நிறுத்த முடியாது. சென்னைக்கு ஐப்பசி கடைசியிலிருந்து தை வரை விதைப்புக் காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாசிக்குப் பிறகு கடையில் வாங்குங்கள், அதில் தோல்வி எதுவும் இல்லை.

ஆழம் ஆறு அங்குலம் இருந்தால் போதும், அகலம்தான் முக்கியம். நாற்றாக வளர்த்துப் பிடுங்கி நடாதீர்கள், ஆணிவேர் ஒடிந்தால் எழாது. இரண்டு அகலத் தட்டுகள் வைத்து, ஒன்றில் விதைத்து இருபது நாள் கழித்து மற்றதில் விதையுங்கள். ஐந்து ஆறு வாரத்தில் வெளித் தண்டுகளை மட்டும் நறுக்கி, நடுக்குருத்தை விட்டால் இன்னொரு தடவை கிடைக்கும். கடைசியில் பூத்தால் பூக்கட்டும். பச்சைக் காயை இரண்டு தட்டி ரசத்தில் போட்டுப் பாருங்கள், அந்த வாசனை கடையில் கிடைக்காது.

புதினாவுக்கு விதை வாங்கவே கூடாது. கடையில் ஒரு கட்டு வாங்கி, இலையைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, தடித்த தண்டுகளைத் தண்ணீரில் நிறுத்துங்கள். ஒரு வாரம், பத்து நாளில் வேர் வரும். அகலமான தொட்டியில், பின் பால்கனியில் நடுங்கள். அது ஓடிப் படரும் செடி, வேறெந்தச் செடியோடும் சேர்த்து வைக்காதீர்கள். அடிக்கடி ஒட்ட நறுக்கினால்தான் இளசாக இருக்கும். உங்கள் புதினா மஞ்சளானது பெரும்பாலும் தண்ணீரால்.

தண்ணீர் என்றதும் சொல்ல வேண்டியது, ஆர்ஓ இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றுவதாகப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல மனசுதான். ஆனால் அதில் உப்பு செறிந்திருக்கும். தரை துடைக்கவும் கழிவறைக்கும் அதை வையுங்கள். ஏசியிலிருந்து வடியும் தண்ணீர் இருக்கிறதே, அதில் உப்பே கிடையாது என்று சொல்லலாம், அதைப் பிடித்து ஊற்றுங்கள். அரிசி களைந்த தண்ணீர் அன்றைக்கே ஊற்றினால் நல்லது. காய்த்தோலை நேராகத் தொட்டியில் புதைப்பது வேண்டாம். மக்கும்போது அதுவே மண்ணிலிருந்து சத்தை இழுத்துக்கொள்ளும், குட்டி ஈயும் மொய்க்கும். விரலை முதல் கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் இல்லை.

கடைத் தழையில் விஷமா?

உங்கள் பயம் ஆதாரமில்லாதது அல்ல. மருந்து எச்சத்துக்காக ஐரோப்பிய ஒன்றியம் இந்தியக் கறிவேப்பிலையை எல்லையில் கூடுதலாகச் சோதித்து வந்திருக்கிறது. 2015-இல் தமிழ்நாட்டிலிருந்து போகும் காய்கறிகளில் மருந்து எச்சம் இருப்பதாகக் கேரளம் பிரச்சினை எழுப்பியபோது கறிவேப்பிலையும் அந்தப் பேச்சில் அடிபட்டது. தொடர்ந்து துளிர்க்கும் பயிர், துளிருக்குப் பூச்சி ஓயாது, மருந்தடித்துக் காத்திருக்க வேண்டிய நாளுக்கு முன்பே வெட்டு வந்துவிடும். பிரச்சினை அங்கே இருக்கிறது.

அதற்காகக் கடைத் தழை எல்லாமே விஷம் என்று வீட்டில் பேசிப் பேசி, மகள் மல்லிச் சட்னியையே தொடமாட்டேன் என்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அது எனக்குக் கவலை தருகிறது. கீரையும் தழையும் சாப்பிடாமல் இருப்பதால் வரும் நஷ்டமும் நஷ்டம்தான். நீர்த்த புளித்தண்ணீரில் கால்மணி நேரம் ஊறவைத்து, ஓடும் தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசுங்கள். மேலே ஒட்டியிருப்பதில் ஒரு பகுதி போகும். இலைக்குள் ஏறியது போகாது, அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையில்லை. அதனால்தான் வருடம் முழுக்க, தினமும் போடும் கறிவேப்பிலையை வீட்டில் வளர்ப்பதற்கு முதலிடம் கொடுங்கள் என்கிறேன்.

வாடையை வைத்து மருந்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். பல மருந்துகளுக்கு வாடையே தெரியாது, மூட்டையில் புழுங்கிய தழைக்கும் ஒரு வாடை உண்டு. இன்னொன்று: நர்சரியில் வாங்கும் செடிக்கும் மருந்து அடித்திருப்பார்கள். வீட்டுக்கு வந்தபின் வரும் புதுத் துளிரிலிருந்து பறிக்க ஆரம்பியுங்கள்.

சங்கம், கீழ்வீடு, மொட்டை மாடி

நான் தோட்டக்கலைக்காரன், வழக்கறிஞர் இல்லை. ஆனால் இந்தச் சண்டைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் வாடகைக்குள் வரும் பால்கனியின் உள்பக்கம், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் செடி வைப்பதை யாரும் சாதாரணமாகத் தடுக்கமாட்டார்கள். கம்பிக்கு வெளியே தொங்கும் தொட்டி விஷயம் வேறு. மூன்றாவது மாடியிலிருந்து ஒரு தொட்டி விழுந்தால் ஆள் உயிர் போகும். அதில் சங்கம் சொல்வது சரி, நீங்கள் சொல்வது தவறு. இன்றைக்கே உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள்.

மொட்டை மாடி குடியிருப்பின் பொது இடம். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டம், 2022-உம் கூரையைப் பொதுப் பகுதியாகத்தான் பார்க்கிறது. நீங்கள் வாடகைதாரர், அதனால் உங்கள் வீட்டு உரிமையாளர் வழியாகத்தான் கேட்க வேண்டும். கேட்டால் தருவார்களா என்றால், எடைதான் தடை. 15 அங்குலப் பையில் வெறும் செம்மண்ணை நிரப்பி நனைத்தால் ஏறக்குறைய 70 கிலோ வரும். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு ஒரு சதுர மீட்டருக்கு 150 கிலோ என்ற அளவில்தான் கட்டடப் பொறியாளர்கள் கணக்குப் போடுவார்கள். இரண்டு பை அடுத்தடுத்து வைத்தாலே அதைத் தொட்டுவிடுகிறீர்கள். நார்க்கழிவு கலந்தால் எடை கணிசமாகக் குறையும். எத்தனை பை, எங்கே, அடியில் கால் வைத்த தாங்கி, தண்ணீர் எந்தக் குழாய்க்குப் போகும் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் கேட்டால் மரியாதை வேறு. உங்கள் வாடகை ஒப்பந்தத்தையும் எடுத்துப் பாருங்கள். நீர்க்கசிவுச் சேதத்துக்கு முன்பணத்தில் பிடிப்போம் என்று அதில் எழுதியிருக்கலாம்.

எனக்கு என்னவோ உங்களுக்கு மொட்டை மாடி தேவையே இல்லை என்று தோன்றுகிறது. நான் சொல்லியிருப்பது மொத்தம் ஆறு தொட்டி, அது இரண்டு பால்கனியில் அடங்கும். கீழ்வீட்டு அம்மாவிடம் நேரில் போய், இனிமேல் சொட்டாது என்று சொல்லிவிட்டு வாருங்கள். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் பதில் போடுவதை நிறுத்துங்கள். புதினா வளர்ந்ததும் ஒரு கட்டு கொடுத்தால் தப்பில்லை.

சொட்டாமல் இருக்க ஒவ்வொரு தொட்டிக்கும் அடித்தட்டு வேண்டும், ஆனால் அதில் ஒரு ஆபத்து இருக்கிறது. தட்டில் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். மழைக்காலத்தில் மாநகராட்சி ஆட்கள் வீடுவீடாக வந்து தட்டைத்தான் முதலில் பார்ப்பார்கள், அபராதமும் போடுவார்கள். வாரம் ஒருமுறை கொட்டினால் மட்டும் பற்றாது, ஓரத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். காய்ந்த தட்டில்கூட முட்டை ஒட்டிக் காத்திருக்கும். தட்டில் மணல் நிரப்பி, அதன்மேல் தொட்டியை வைப்பது இன்னும் சுலபம்.

பெட்டி வாங்குவதா?

விளக்கு வைத்த ஹைட்ரோபோனிக்ஸ் பெட்டி ஏமாற்று இல்லை. லெட்டூஸ், பேசில், ஏன் புதினாகூட அதில் அழகாக வரும். ஆனால் உங்களுக்கு முதலில் வேண்டிய கறிவேப்பிலை அதில் வளராது. சத்துக் கரைசலைத் தொடர்ந்து வாங்க வேண்டும், விளக்கு தினமும் பல மணிநேரம் எரிய வேண்டும், பம்பை மாதாமாதம் கழுவ வேண்டும். ஆறாயிரம் போனதே என்று பன்னிரண்டாயிரம் போடுவதைத்தான் நான் தடுக்கப் பார்க்கிறேன். உங்களிடம் இருக்கும் தொட்டிகள், உரம், நார்க்கட்டி எல்லாம் இப்போதும் உதவும். புதிதாகத் தேவைப்படுவது ஒரு பெரிய பை, கொஞ்சம் செம்மண், வேப்பம் புண்ணாக்கு, ஒரு பாக்கெட் கொத்தமல்லி விதை. தோட்டக்கலைத் துறை அவ்வப்போது மானிய விலையில் மாடித்தோட்டத் தளைகள் (தோட்டத்துக்கு வேண்டிய பொருள்கள் அடங்கிய தொகுப்பு) தருகிறது. உங்கள் பகுதி அலுவலகத்தில் கேட்டுவிட்டு மிச்சத்தை வாங்குங்கள்.

இந்த வாரம் கறிவேப்பிலையைப் பெரிய பைக்கு மாற்றுங்கள், தொங்கும் தொட்டிகளை உள்ளே எடுங்கள். அடுத்த வாரம் புதினாத் தண்டுகளைத் தண்ணீரில் போடுங்கள். கொத்தமல்லியைத் தீபாவளி முடியும் வரை தொடவே தொடாதீர்கள். மாசியில் கறிவேப்பிலை துளிர்த்திருக்கிறதா, உயரம் எவ்வளவு, இலை என்ன நிறம் என்று எனக்கு எழுதுங்கள். நுனி கிள்ளியிருக்கிறீர்களா என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.